விலாசம் சொன்ன காலம், விடை சொல்லும் காலம்

இந்தியாவில் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். அடுத்த சில ஆண்டுகளில் ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கத்து ஜவுளி வியாபாரிகள் ஒவ்வொருவராக வெப்சைட் வைக்க ஆரம்பித்தார்கள். வைத்தாயிற்று, யார் வந்து பார்ப்பார்கள்? கடைக்காரருக்குக் கைவந்த வழி ஒன்றுதான் இருந்தது. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, துணிப்பை, பொங்கலுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர், சரக்கு வண்டியின் பின்பக்கம் என்று கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் இணைய விலாசத்தை அச்சடித்தார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தட்டுகிறவர் மட்டுமே தளத்துக்கு வந்து சேர முடியும்.

இணையத்துக்குள் வழிகாட்ட யாஹூ இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் 1994-ல் தலைப்புவாரியாகத் தொகுக்கத் தொடங்கிய பட்டியல் அது. ஆட்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். பிறகு வணிகத் தளங்களைச் சேர்க்க ஆண்டுக்கு 299 டாலர் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் பதினான்காயிரம் ரூபாய். சிறு கடைக்கு எட்டாத தொகை. இலவசமாக இடம் கொடுத்தது 1998-ல் தொடங்கிய டிமோஸ் என்ற பட்டியல். தன்னார்வலர்கள் நடத்தியதால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். யாஹூ பட்டியல் 2014 கடைசியிலும், டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

லிங்க்எக்ஸ்சேஞ்ச் என்றொரு பண்டமாற்றும் இருந்தது. பிறர் விளம்பரத்தை உங்கள் பக்கத்தில் இரண்டு தடவை காட்டினால், உங்கள் விளம்பரம் வேறெங்கோ ஒரு தடவை தெரியும். 1998-ல் மைக்ரோசாஃப்ட் அதை 265 மில்லியன் டாலருக்கு வாங்கியது. தலைகளை எண்ணிக் காட்ட அது உதவியது. வந்தவருக்கு நம் சரக்கு தேவையா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தில்லுமுல்லும் அன்றே தொடங்கிவிட்டது. தேடுபொறிகளை ஏமாற்ற, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி ஒளித்துவைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வாக்குகளைப்போல எடைபோட்டு வரிசைப்படுத்தும் முறையோடு 1998-ல் கூகுள் வந்ததும், அந்த வாக்குகளை விலைக்கு வாங்குவது தனித் தொழிலானது. 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்ற பெயர்களில் கூகுள் தன் கணக்கை மாற்றியபோது மட்டமான பக்கங்களாலும் வாங்கிய இணைப்புகளாலும் ஏறிய தளங்கள் பல சட்டென்று இறங்கின. ஆனாலும் 'முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன், மாதம் இவ்வளவு கொடுங்கள்' என்ற போன் அழைப்புகள் இன்றும் ஓயவில்லை. முதலிடம் தருவதாக எவர் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள். அந்த இடம் கூகுளின் கையில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் எழுத்தில் இருந்தது. அன்று பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, தளத்துக்கு ஒரு எழுத்துரு. திஸ்கி, டாம், டாப் என்று குறிமுறைகளும் பல. திரையில் தமிழாகத் தெரியும் ஜமக்காளம் என்ற சொல், தேடுபொறியின் கண்ணுக்குப் பொருளற்ற குறிகளின் கூட்டமாகக் கிடந்தது. அதனால் தமிழில் எழுதிய பக்கம் தமிழில் தேடியவருக்குக் கிடைக்கவே இல்லை. விண்டோஸ் 2000-ல் பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழ் வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். இடையில் இருந்த ஆண்டுகளில் நம் வியாபாரிகள் ஆங்கிலத்தில் மட்டும் தளம் வைக்கப் பழகிவிட்டார்கள். தடை நீங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பதுதான் எனக்குத் தாங்காத வருத்தம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை விழுந்தது, போன் எல்லார் கைக்கும் போனது. தமிழில் தட்டுகிறவர் தட்டுகிறார், தட்டத் தெரியாதவர் மைக்கை அமுக்கிப் பேசுகிறார். விலாசத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எல்லாரும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். அதற்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கடைக்குப் போகிறார்கள்.

பவானியில் ஒரு ஜமக்காளக் கடை என்று வைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். பெரும்பாலான தளங்களின் முகப்பில் என்ன இருக்கிறது? 'தரமே எங்கள் தாரக மந்திரம்', தாத்தா படம், தொடர்புக்கு ஒரு எண். வாடிக்கையாளர் தேடுவது வேறு. ஜமக்காளத்தை வாஷிங் மெஷினில் போடலாமா? சாயம் போகுமா? இருபது பேர் உட்கார என்ன அளவு வேண்டும்? கல்யாணச் சீருக்குப் பட்டு ஜமக்காளம் நல்லதா, நூல் ஜமக்காளம் நல்லதா? சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கும் பவானி என்ற பெயரில் விற்கிறதே, கைத்தறியை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். இரண்டையும் அருகருகே விரித்து, ஓரத்தையும் பின்பக்கத்தையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் இருப்பதைச் சொல்லுங்கள். விலை ஏன் கூடுதல் என்று கூலிக் கணக்கோடு எழுதுங்கள். இப்படி எழுத நெசவாளரையும் கடைக்காரரையும் தவிர வேறு யாரால் முடியும்? வாடிக்கையாளர் தினமும் வாய்விட்டுக் கேட்பதற்கு நீங்கள் தினமும் வாயால் சொல்லும் பதிலே அந்தப் பக்கம். செலவு ஒரு சாயங்காலம்.

மக்கள் எந்தச் சொல்லில் தேடுகிறார்கள் என்பதை ஊகிக்கவும் வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். தளத்தை அதில் இணைத்தால், எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் உள்ளே வராத சொல் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தச் சொல்லுக்குக் காட்டப்படும் பக்கத்தின் தலைப்பைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

அடுத்தது மேப். கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம்தான். வழிகாட்டிப் புள்ளி பக்கத்துத் தெருவில் விழுந்திருக்கிறதா, பழைய போன் நம்பர் கிடக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விவரம் சரியா என்று பாருங்கள். தளத்து விலாசத்தை அதில் சேர்க்காமல் விட்ட கடைகள் எத்தனையோ. சரக்கு வாங்கித் திருப்தியாகப் போகிறவரிடம் இரண்டு வரி விமர்சனம் கேளுங்கள். காசு கொடுத்துப் பொய் விமர்சனம் வாங்காதீர்கள். குறை சொல்லியிருந்தால் பணிவாகப் பதில் எழுதுங்கள். வாங்க வருகிறவர் அந்தப் பதிலையும் படித்துவிட்டுத்தான் வருகிறார்.

வாட்ஸ்அப்பில் சரக்கு போட்டோவை மட்டும் அனுப்பினால் அது குரூப்பில் நாலு 'குட்மார்னிங்'குக்குக் கீழே போய்விடும். தளத்தின் லிங்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிராட்காஸ்ட் செய்தி உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும் என்பதால், பில் போடும்போதே 'நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க அண்ணா' என்று சொல்லிவிடுவது நல்லது. இன்ஸ்டாகிராம் பதிவுக்குக் கீழே எழுதும் லிங்க் அமுக்கினால் திறக்காது. உங்கள் புரொஃபைலில் வைத்த லிங்க் திறக்கும். இந்தச் செயலிகள் ஆளைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. அவை வாடகை இடங்கள், விதியை நாளைக்கே மாற்றலாம். உங்கள் தளம்தான் சொந்த இடம்.

பழைய வழிகளில் செத்துப்போகாதவையும் உண்டு. 1996-ல் தொடங்கிய ஹாட்மெயில், தன் வழியாகப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி விளம்பரம் சேர்த்தே ஒரு கோடிக்கும் மேலானவர்களைச் சேர்த்தது. உங்கள் மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி போடுவதற்கு இன்றும் காசில்லை. துணிப்பையும் காலண்டரும் இருக்கின்றன. விலாசத்துக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு சேர்த்தால் போதும். ஆனால் அது முகப்புக்குப் போகாமல், அந்தச் சரக்கைத் துவைத்துப் பராமரிக்கும் முறை எழுதிய பக்கத்துக்கு நேரே போகட்டும். போனில் எடுத்த ஐந்து எம்.பி. போட்டோவை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இருநூறு கே.பி.க்குக் குறைத்து ஏற்றினால், சிக்னல் மந்தமான ஊரிலும் பக்கம் திறக்கும்.

இப்போது இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. கூகுளே செயற்கை நுண்ணறிவை வைத்து விடையைச் சுருக்கி மேலே காட்டிவிடுகிறது. படித்தவர் எந்தத் தளத்துக்கும் போகாமல் திரும்பிவிடுகிறார். நாலு பக்கத்தைப் பார்த்து எழுதிய ஐந்தாவது பக்கத்துக்கு இனி ஆள் வராது. உங்கள் தறியின் போட்டோ, இன்று கையிருப்பில் உள்ள அளவு, இன்றைய விலை, நீங்களே பட்டறிந்து சொல்லும் பக்குவம், இவை உங்களிடம் மட்டுமே கிடைக்கும். அதற்காக வருகிறவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

ஆகவே கடைக்கார நண்பர்களே, விளம்பரக்காரருக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனிலும் நேரிலும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே ஒரு வாரம் எழுதி வையுங்கள். அதில் அடிக்கடி வந்த கேள்வி எதுவோ, அதற்கான பதிலைத் தமிழில் எழுதி அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.