காந்தத்திலிருந்து மின்னோட்டம்

1820 ஆம் ஆண்டிலே கொப்பனேகன் நகரப் பேராசிரியர் ஏர்ஸ்ரெட் என்பார், மின்னோட்டம் பாயுங் கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி விலகுதலைக் கண்டார். மின்னோட்டம் காந்தத்தைப் பிறப்பிக்குமாயின், காந்தம் மின்னோட்டத்தைப் பிறப்பித்தல் கூடாதோ என்னும் வினா அப்பொழுதே எழுந்தது. ஆயினும், விடை காணப் பதினோராண்டு சென்றது. இத்தாமதத்தின் காரணம் ஆராயத்தக்கது.

அக்காலத்து அறிஞர் பலர், வலிய காந்தமொன்றைக் கம்பிச் சுருளின் அருகே அசையாது வைப்பின் ஓட்டம் இடையறாது பாயுமென எதிர்பார்த்தனர். செனீவா நகரத்துக் கொலடன் என்பார் 1825 இற் செய்த சோதனை இரங்கத்தக்கது. காந்தம் கல்வனோமானியின் ஊசியை நேரே தாக்கலாகாதென அவர் அக்கருவியை வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளினுட் செலுத்தியபின் அவ்வறைக்குச் சென்று நோக்கினார், ஊசி அசைவற்றிருந்தது. அது துடித்த கணத்திற் காண ஆங்கு எவரும் இலர். உதவியாளன் ஒருவன் உடனிருந்திருப்பின் இக்கண்டுபிடிப்பு கொலடன் பெயராலேயே வழங்கியிருத்தல் கூடும்.

கொல்லன் மகனாய்ப் பிறந்து, புத்தகங் கட்டுந் தொழில் பயின்ற மைக்கேல் பரடே, 1831 ஓகஸ்ட் 29 ஆம் நாள் இலண்டனிலே, ஆறங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையத்தில் இரு சுருள்களை வேறுவேறாகச் சுற்றிச் சோதனை செய்தார். ஒரு சுருளை மின்கலவடுக்குடன் இணைத்த கணத்தில், மற்றதன் கம்பிக்குக் கீழே மூன்றடி தொலைவில் வைத்த காந்தவூசி அசைந்து, பின் பழைய நிலையை அடைந்தது. ஓட்டம் சீராய்ப் பாயும்வரை அது வாளாவிருந்தது. இணைப்பை நீக்கியபோது மீண்டும் அசைந்தது. ஒக்டோபர் 17 இல், காந்தச் சட்டத்தைச் சுருளினுட் செலுத்தியும் வெளியே இழுத்தும் அதே விளைவைப் பெற்றார்.

ஆகவே, வேண்டப்படுவது காந்தமன்று. சுருளினூடு செல்லுங் காந்தப்பாயத்தின் மாற்றமே. தூண்டப்படும் மின்னியக்க விசை அம்மாற்றத்தின் வேகத்தையும் சுற்றுக்களின் தொகையையும் பொறுத்தது. 200 சுற்றுள்ள சுருளொன்றில் பாயம் 0.002 உவேபராற் குறைவதாகக் கொள்க. அக்குறைவு ஒரு செக்கனில் நிகழின் 0.4 உவோற்று எழும். பத்திலொரு செக்கனில் நிகழின் 4 உவோற்று எழும்.

ஓட்டத்தின் திசையை 1834 இல் இலென்சு வகுத்தார். தன்னைப் பிறப்பித்த மாற்றத்தை அது எதிர்க்கும். வடமுனையைச் சுருளை நோக்கிச் செலுத்தினால், சுருளின் அப்பக்கமும் வடமுனையாகித் தள்ளும். மாறாக அது தென்முனையாகுமாயின், சிறிது தள்ளிய காந்தம் தானே விரைந்தோடும், ஓட்டமும் பெருகும், செலவின்றிச் சத்தி கிடைக்கும். இயற்கை அதற்கு இடந்தருவதில்லை.

ஆய்கூடத்திலே கையாற் சுழற்றுந் தைனமோ இதனை நன்கு காட்டும். சுற்று மூடாதிருக்கையில் மின்னியக்க விசை உண்டு, ஓட்டமில்லை; கைப்பிடி இலேசாய்ச் சுழலும். மின்குமிழை இணைத்தவுடன் கை பாரத்தை உணரும். 1950 இல் இயங்கத் தொடங்கிய இலக்சபான மின்னிலையத்திலும் இதுவே நிகழ்வது. மாலையில் வீடுகளில் விளக்கேற்றுந்தோறும் பிறப்பாக்கியைச் சுழற்றுதல் கடினமாகும். வேகங் குன்றாதிருக்கச் சுழலிக்கு மேலும் நீரைத் திறந்துவிடல் வேண்டும்.