படமும் எழுத்தும்: போர்முனைக் கடிதங்களைப் பேணுமாறு

கொங்கு நாட்டு ஊர்களில் தைப்பொங்கலுக்கு முன்பு வீட்டை வெள்ளையடித்துத் தூய்மை செய்து காப்புக் கட்டுதல் வழக்கம். அவ்வமயம் பரணினின்றும் இறங்கும் தகரப்பெட்டிகளில் கிரயப் பத்திரமும் பட்டாவும் பிரித்து வைக்கப்பெறும். எஞ்சிய தாள்கள் குப்பையோடு கழியும். படைக்குச் சென்ற முன்னோர் வீட்டுக்கு வரைந்த கடிதங்கள் அவ்வெஞ்சிய தாள்களுள் இருத்தல் கூடும். 1945-இல் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேரைக் கொண்டிருந்தது. அவருள் சென்னை மாகாணத்தார் மிகப் பலர். திருச்செங்கோட்டைச் சூழ்ந்த சிற்றூர்ப் பரண்களிலும் அவர்தம் எழுத்து உறங்குதல் வியப்பன்று.

அத்தாள்களின் அருமையை உணர்தற்கு அவற்றிற்கு முந்தைய போரை நோக்குதல் வேண்டும். முதல் உலகப்போரில் ஏறத்தாழ 1,38,000 இந்தியர் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றனர். அவர்தம் அஞ்சலை ஆராய்தற்கு ஆங்கில அரசு ஒரு தணிக்கை அலுவலகம் நிறுவிற்று. ஹோவெல் என்னும் அதிகாரி அதன் முதல்வராயிருந்தார். வீரர் கடிதங்களுள் வேண்டிய பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அறிக்கைகளாக மேலிடம் சென்றன. இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இன்றுள்ளவை அவ்வறிக்கைகளே. டேவிட் ஓமிசி என்பார் அவற்றினின்று தொகுத்த நூல் 1999-இல் வெளிவந்தது. இந்திய வீரரைக் கருமிளகு என்று மறைமொழியாற் குறித்துத் தணிக்கையாளரை ஏய்க்க முயன்ற செய்தி போன்றவை அவற்றால் நமக்குத் தெரியவருகின்றன. வீரர்தம் மனநிலையை அறியவே அரசு இவ்வறிக்கைகளைத் தொகுத்தது. அவை வரலாற்றுக்குத் துணையானது எதிர்பாராத நன்மை.

ஆயின் மூலக் கடிதங்கள் வீடுகளுக்குச் சென்றன. சென்றவை பெரும்பாலும் மறைந்தன. உருதுவும் இந்தியும் குர்முகியுமாக எழுதிய கை எது, வரி எங்கே தடுமாறியது என்பவற்றை அறிக்கை காட்டாது. தாளின் ஓரத்தில் ஒரு படம் இருந்திருப்பின் அதனை ஆங்கிலத்திற் பெயர்ப்பது எங்ஙனம்?

படம் கடிதத்திற்கு வெறும் அணியன்று என்பதே நம் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகனின் சொல் பிறர் வாய்வழியே வந்தது. எழுதியவனும் பெரும்பாலும் பிறர் கையால் எழுதுவித்தவனே. இருபுறமும் இடையாள் நின்ற அக்கடிதத்தில், அவன் தானே ஒரு கூடாரத்தையோ கோவேறு கழுதையையோ கிறுக்கி அனுப்பியிருப்பின், அவன் கையினின்று அவள் கண்ணுக்கு நேரே சென்றது அஃதொன்றே. இதனை நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் அச்சிடுவோர் கடிதத்தின் ஒரு பாதியை அழிக்கின்றனர். மலைமேல் எழுந்தருளிய மாதொருபாகனாரின் திருமேனியைப் பாதியாகப் பிரித்து வழிபடுவார் உளரோ?

இவ்விணைப்பு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையில் ஓதும் நடுகல், பிற்காலத்தே வீரனின் உருவும் அவன் செயல் கூறும் எழுத்தும் ஒரே கல்லில் அமைய நின்றது. சித்திரகவியில் எழுத்துகளே தேராகவும் பாம்பாகவும் அமைந்தன. பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் 1915-இல் போர்முனையினின்று தம் காதலிக்குச் சொற்களாலேயே உருவம் வரைந்து விடுத்தார். செருமானிய ஓவியர் ஓட்டோ சூபர்ட் அஞ்சலட்டைகளில் வண்ணம் தீட்டி அனுப்பினார். இவர்கள் கலைஞர் ஆதலின் இவர்தம் தாள்கள் பேணப்பெற்றன. பெயரறியாத சிப்பாயின் தாளுக்குக் காவல் அவன் வீட்டாரே.

பேணும் முறை எளிது, தவறுவதும் எளிது. அன்பு மிகுதியால் செய்யும் கேடுகளுள் தலையாயது லேமினேஷன். வெப்பத்தால் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் சிதையாமல் மீளப் பிரித்தல் அரிது. ஒட்டுநாடா பழுத்துக் கறையாகும், குண்டூசி துருவேறும். அக்காலத்து மைப்பென்சில் எழுத்து ஈரம் பட்டவுடன் ஊதாவாக ஊறிப் பரவும். ஆதலின் ஈரத்துணியால் துடைத்தல் ஆகாது. முறுகிய மடிப்பை வலிந்து பிரித்தலும் ஆகாது. அமிலம் கலவாத உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் அணுகாத அலமாரியில் கிடையாக வைத்தல் போதும். உறையும் அஞ்சல் முத்திரையும் தணிக்கை முத்திரையும் கடிதத்தோடே இருத்தல் வேண்டும். நாளும் இடமும் பலகால் அவற்றால்தான் புலப்படும்.

படியெடுக்குங்கால் முன்புறம், பின்புறம், வெற்றுப்பக்கம் யாவும் வண்ணத்தில் பதிதல் நன்று. ஓவியமுள்ள தாளுக்கு அங்குலத்திற்கு 600 புள்ளி நுண்மை வேண்டும். எழுத்துப் பெயர்ப்பில் படம் நின்ற இடம் குறிக்கப்பெறுதல் வேண்டும். பிழை திருத்துதல் தமிழாசிரியராகிய நம் தொழில். ஈண்டு அதனைக் கைவிடல் வேண்டும். பிழையெனத் தோன்றுவது கொங்குப் பேச்சின் ஒலியாக இருக்கலாம்.

பகிர்தற்கும் ஒரு வரம்பு உண்டு. தாள் பெற்றவர்க்கு உரியது. சொல்லும் படமும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுதியவர்க்கும் அவர் வழியினர்க்கும் உரியவை. கடன், நோய், குடும்பப் பூசல் பற்றிய வரிகளை வெளியிடுமுன் வீட்டாரின் இசைவு பெறுதல் வேண்டும். மறுப்பின் காத்திருத்தலே முறை.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் 2008-இல் பொதுமக்களிடமிருந்து 6,500-க்கு மேற்பட்ட முதல் உலகப்போர்ப் பொருள்களின் படிகளைத் திரட்டிற்று. 2011 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தொகுப்பு நாள்கள் நடைபெற்றன. மக்கள் கொணர்ந்தவை அவ்விடத்திலேயே படியெடுக்கப்பட்டு அவர் கையிலேயே திருப்பியளிக்கப்பட்டன. பொருளை விட்டுக்கொடுக்க அஞ்சும் வீட்டார்க்கு இம்முறை ஏற்றது. நம் கல்லூரித் தமிழ்த்துறைகள் ஒரு ஸ்கேனரும் இரு மாணவரும் கொண்டு இதனை நடத்தலாம். ஆனால் அந்நாள் மார்கழித் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். காப்புக் கட்டிய பின் அழைப்பதிற் பயனில்லை.