உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கா வரை கேட்ட உருமி

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த தேனி, கம்பம்காரர்களுக்கு உருமியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் மேளம் உறுமும். அந்த உறுமலை மேற்கத்திய பாப் இசைக்குள் கொண்டுபோனவர் ஓர் ஈழத் தமிழ்ப் பெண், எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி ‘மாயா’ அருட்பிரகாசம்.

1975-ல் லண்டனில் பிறந்தார், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார், போர் துரத்த மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போனார். கல்லூரியில் படித்ததோ சினிமா! முதல் ஆல்பத்துக்கு (2005) அப்பாவின் இயக்கப் பெயர், ‘அருளர்’. இரண்டாவதற்கு (2007) அம்மாவின் பெயர், ‘கலா’. அதற்காகத்தான் சென்னைக்கு வந்து உருமிக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். 2009-ல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து செய்த பாடல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

சர்ச்சைக்கும் குறைவில்லை. ஈழப் போரைப் பற்றிப் பேசியதற்காகப் புலி ஆதரவாளர் என்று ஏச்சு வாங்கினார். 2012-ல் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மேடையில், மடோனாவுக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஒரு விநாடி வேலைதான். கால்பந்து லீக் கேட்ட நஷ்டஈடு 1.66 கோடி டாலர்! 2014-ல் சமரசமானது.

அப்படிப்பட்டவருக்கு 2019-ல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பட்டம் கிடைத்தது. தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய அம்மா கலா, அரண்மனை வழங்கும் அந்தப் பதக்கங்களைத்தான் பல்லாண்டுகளாகக் குறைந்த கூலிக்குக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்.