ஒரே தொழிற்சாலை, மூன்று எஜமானர்கள்!

ஆளைக் குறைத்து யந்திரத்தைப் பெருக்கினால் உற்பத்தி உயரும், லாபம் தானே வந்து சேரும் என்று எண்ணும் முதலாளிகள் உலகெங்கும் உண்டு. அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாகாணத்திலுள்ள பிரீமாண்ட் நகரின் மோட்டார் தொழிற்சாலைதான் அந்தக் கதையின் நாயகன். 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வில் அது மூன்று எஜமானர்களைப் பார்த்துவிட்டது.

நிற்காத வரிசை

முதல் எஜமானர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. அங்கே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். தொழிலாளர்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பாகத்தைப் பூட்டுவார்கள். என்ன நேர்ந்தாலும் வரிசை நிற்கக் கூடாது என்பது சட்டம். திருகு கோணலாக ஏறினாலும் கார் போய்க்கொண்டே இருக்கும். குறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நிர்வாகத்தின் நினைப்பு.

பலன் என்ன? தொழிலாளிக்கு வேலையில் பற்று இல்லை. நிர்வாகிக்குத் தொழிலாளியிடம் நம்பிக்கை இல்லை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும் உண்டு. 1982-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

அதே ஆட்கள், வேறு முறை

இரண்டு ஆண்டுகள் கழித்து கதவு மறுபடி திறந்தது. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1984-ல் தொழிற்சாலையை நடத்த முன்வந்தது. 'நம்மி' என்பது கூட்டுக் கம்பெனியின் சுருக்கப் பெயர். சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. சங்கமும் பழைய சங்கமே. புதிய முறையைக் கற்க அவர்கள் குழுகுழுவாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர்.

திரும்பி வந்தவர்களின் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். குறை அந்த இடத்திலேயே தீராவிட்டால் வரிசை நின்றுவிடும். இழுத்தவரை யாரும் ஏசுவதில்லை. காரணத்தைத் தேடிக் களைவதே வேலை. கடும் நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை என்று சங்கத்துடன் ஒப்பந்தமும் இருந்தது. 1988-ல் விற்பனை சரிந்தபோது அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது; உபரித் தொழிலாளர்கள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்களே தவிர வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

உழைப்பில் ஒழுங்கு வந்தது. ஜப்பானில் செய்த கார்களுக்கு ஏறக்குறைய நிகரான தரத்தில் பிரீமாண்ட் கார்கள் வெளிவந்தன!

தறி சொன்ன பாடம்

இந்தக் கயிற்றின் மூலம் ஒரு தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சாகிச்சி டொயோடா, தச்சரின் மகன். நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும் தானியங்கித் தறியை 1924-ல் அவர் முழுமைப்படுத்தினார். அதற்கு முன், நூல் அறுந்ததைக் கவனிக்காவிட்டால் தறி பழுதான துணியையே நெய்துகொண்டிருக்கும். ஒருவர் இமைகொட்டாமல் காவல் இருக்க வேண்டும். புதிய தறி வந்தபின் ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. தவறு நேர்ந்தால் நின்றுவிடும் புத்தியை யந்திரத்துக்குக் கொடு என்பதுதான் சாகிச்சி விட்டுச்சென்ற சொத்து.

அதே 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறொரு வழியில் போனது. யந்திர மனிதர்களை வாங்கிக் குவிக்கப் பல ஆயிரம் கோடி டாலரைக் கொட்டியது. டெட்ராயிட்டில் 1985-ல் திறந்த நவீனத் தொழிற்சாலையில், யந்திர மனிதர்கள் காருக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று வர்ணம் அடித்துக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பணம் போட்ட அளவுக்குப் பலன் வரவில்லை. பக்கத்திலேயே பிரீமாண்ட் பாடம் இருந்தும், அதை மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் பிடித்தன.

நல்ல முறை இருந்தும் 'நம்மி' நிலைக்கவில்லை என்பது வருத்தமான உண்மை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-ல் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010-ல் டொயோட்டாவும் கதவை மூடியது. தொழிலாளியின் திறமை காரின் தரத்தைக் காக்கலாம். கணக்குப் புத்தகத்தின் தீர்ப்பை மாற்ற முடியவில்லை.

கூடாரத்தில் வந்த ஞானம்

அதே 2010-ல் மூன்றாவது எஜமானராக டெஸ்லா வந்தது. அதன் தலைவர் எலான் மஸ்க், 'மாடல் 3' மின்சாரக் காருக்கு யந்திரங்களே பெரும்பகுதி வேலையைச் செய்யும் தொழிற்சாலையைக் கனவு கண்டார். 2017-ல் உற்பத்தி தொடங்கியது. குறித்த எண்ணிக்கையைத் தொடமுடியாமல் மாதங்கள் உருண்டன. உதிரி பாகங்களைச் சுமந்து செல்ல அமைத்த சிக்கலான பட்டைகளின் வலையைப் பிடுங்கி எறியவேண்டி வந்தது. அளவுமீறி யந்திரமயமாக்கியது தம் தவறே என்றும், மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகவும் 2018 ஏப்ரலில் மஸ்க் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் வளாகத்திலேயே ஒரு பெரிய கூடாரம் அடித்து, மனிதக் கைகளை நம்பி மற்றொரு வரிசை தொடங்கினார்கள். வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கு ஜூன் கடைசியில் எட்டியது.

இப்போது செயற்கை அறிவு தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டது. பற்றவைப்பில் உள்ள வெடிப்பைக் காமிராக் கண் கண்டுபிடிக்கிறது. யந்திரத்தின் அதிர்வையும் சூட்டையும் அளந்து, அது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. ஆனால் இந்த அறிவு எதைப் படித்துத் தேர்கிறது? தொழிற்சாலை எழுதிவைத்த பழைய கணக்கைத்தான். குறையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து தொழிலாளி மறைத்திருந்தால், கணக்கு பொய். அதைப் படித்த செயற்கை அறிவும் பொய்யையே சொல்லும்.

ஆகவே, புதிய யந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்குமுன் ஒவ்வொரு நிர்வாகியும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தம் தொழிற்சாலையின் கடைசித் தொழிலாளி, தவறைக் கண்டதும் பயமின்றி அந்தக் கயிற்றை இழுப்பாரா? இழுப்பார் என்றால் யந்திரம் வரட்டும். அது அவருக்குத் துணையாகும். இழுக்கமாட்டார் என்றால், எத்தனை கோடி கொட்டினாலும் தவறுகள்தான் வேகமாக உற்பத்தியாகும்!