வளங்குன்றா வளர்ச்சியும் கணினிப் பாதுகாப்பும்

நீரையும் மின்விசையையும் வீணாக்காது, காற்றையும் ஆற்றையும் மாசுபடுத்தாது தொழில் நடத்துவதே வளங்குன்றா வளர்ச்சியின் நோக்கமாகும். தொழில் நிலையங்கள் பல இந்நோக்கத்தை இன்று மேற்கொண்டுள்ளன. கணினிகளைத் திருடரிடமிருந்து காப்பது இதனின்று வேறான ஒரு வேலை, அது கணக்கர்களுக்கும் வங்கிகளுக்கும் உரியது என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பொருத்தமானதன்று. இவ்விரண்டும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை இங்கு ஆராய்வோம்.

அளவீடும் கட்டளையும்

வீணாவதைக் குறைக்க வேண்டுமாயின், முதலில் அதை அளத்தல் வேண்டும். ஆகவே, தொழிற்சாலையின் குழாய்கள், கொதிகலன்கள், புகைபோக்கிகள் ஆகியவற்றில் உணர்கருவிகள் பொருத்தப்படுகின்றன. அவை தரும் அளவுகள் கணினிக்குச் செல்கின்றன. கணினியின் கட்டளைகள் திரும்பி வந்து வால்வுகளையும் பம்புகளையும் இயக்குகின்றன. சூரிய ஒளித் தகடுகளும் காற்றாலைகளும் இவ்வாறே தொலைவிலிருந்து கண்காணிக்கப்படுகின்றன. சிக்கனம் இத்தொடர்பினால் விளைகின்றது; அபாயமும் இதே தொடர்பின் வழியாகவே நுழைகின்றது.

ஊரிலுள்ள மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பார்ப்போம். நீர்மட்டம் குறைந்ததும் மோட்டார் தானே ஓடவும், தொட்டி நிரம்பியதும் தானே நிற்கவும் ஏற்பாடு செய்திருப்பதாகக் கொள்வோம். தொட்டி நிரம்பிய பின்னரும் அது காலியாக உள்ளதென்று யாரேனும் பொய்யளவு காட்டச் செய்தால், நீரும் மின்விசையும் ஒருங்கே வீணாகும். மோட்டார் ஒருபோதும் பழுதடையவில்லை. செய்தி மட்டுமே பழுதடைந்தது. கணினிப் பாதுகாப்பு என்பது இச்செய்தியின் உண்மையைக் காத்தலேயாகும்.

மரூச்சியில் நிகழ்ந்தது

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள மரூச்சி என்னும் உள்ளாட்சிப் பகுதியில், கழிவு நீரை இறைக்கும் 142 நிலையங்கள் வானொலி அலைகளின் மூலம் இயக்கப்பட்டு வந்தன. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்புகள் காரணமின்றி நின்றன. எச்சரிக்கை ஒலிகள் மைய நிலையத்துக்கு எட்டவில்லை. புதிய கருவிகளில் ஏதோ கோளாறு உள்ளதென்றே பொறியாளர்கள் முதலில் எண்ணினர். உண்மை வேறாயிருந்தது. அக்கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு பணிபுரிந்த ஒருவர், உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டுக் கிடைக்கப் பெறாதவர், மடிக்கணினியையும் வானொலிக் கருவியையும் காரில் வைத்துக் கொண்டு பொய்க் கட்டளைகளை அனுப்பி வந்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவு நீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. நீர் வாழ் உயிர்கள் மடிந்தன. ஓடை நீர் கருநிறம் அடைந்தது. 2001ஆம் ஆண்டில் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆற்றைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட கருவியே ஆற்றைக் கெடுக்கும் கருவியாயிற்று என்பதை இங்குக் கவனித்தல் வேண்டும். பணியிலிருந்து விலகியவரின் அறிவையும் உரிமையையும் கணக்கில் கொண்டு, பூட்டை மாற்றாததன் விளைவே இது.

காற்றாலைகளும் கரிமக் கணக்கும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், உக்ரைனில் போர் மூண்ட வேளையில், ஐரோப்பாவில் பயன்பட்டு வந்த ஒரு செயற்கைக்கோள் தகவல் தொடர்பு வலை தாக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான மோடங்கள் செயலிழந்தன. அதே வலையைப் பயன்படுத்திய, ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைக் கொண்ட ஒரு ஜெர்மானியத் தொகுதியுடன் தொலைக் கண்காணிப்புத் தொடர்பு அறுந்தது. அவற்றின் மொத்தத் திறன் சுமார் 11 ஜிகாவாட். காற்றாலைகள் தாமாகவே இயங்கும் முறையில் இருந்தமையால் மின் உற்பத்தி நிற்கவில்லை. எனினும், தாக்குதலின் இலக்காக இல்லாதவரும் பொதுவான தொடர்பினால் பாதிப்புறுவர் என்பது இதனால் தெளிவாயிற்று.

பொருள்களேயன்றிக் கணக்குகளும் களவாடப்படலாம். கரியமில வாயுவை வெளியிடும் உரிமங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பதிவேடுகளில் வைக்கப்பட்டு விற்கவும் வாங்கவும் படுகின்றன. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், போலி மின்னஞ்சல்களை அனுப்பிக் கணக்குகளின் கடவுச்சொற்களைப் பறிக்கும் முயற்சி நடைபெற்றது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் செக் நாட்டுப் பதிவேடு முதலியவற்றிலிருந்து உரிமங்கள் திருடப்பட்டன. ஐரோப்பிய ஆணையம் அம்மாதம் 19ஆம் நாள் பதிவேட்டு மாற்றங்களை நிறுத்தி வைத்தது. பதிவேட்டில் நம்பிக்கை இல்லாவிடில், மாசு குறைந்தது என்ற கூற்றிலும் நம்பிக்கை இராது. இந்தியாவிலும் கரிம வர்த்தகத் திட்டம் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டிருப்பதால், இப்படிப்பினை நமக்கும் உரியதாகும்.

தாக்குண்டும் தளராத வழி

நார்வே நாட்டின் அலுமினிய நிறுவனமாகிய நார்ஸ்க் ஹைட்ரோ, 2019ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்டனர். நிறுவனம் பணம் தர மறுத்தது. காப்புப் படிகளிலிருந்து கோப்புகளை மீட்டது. அதற்கிடையில் பல ஆலைகள் கையியக்கத்தினால் நடைபெற்றன. நட்டம் பெரிதாயினும் தொழில் அழியவில்லை. காப்புப் படியும், கைகளால் வேலை செய்யத் தெரிந்த தொழிலாளரும் இல்லையெனில் முடிவு வேறாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் தேசியக் குழு 2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை, அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவித்தல் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆணை பிறந்தது. மின்துறைக்கெனத் தனி நெறிமுறைகளை மத்திய மின்சார ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்கள் அளிக்க வேண்டிய வளங்குன்றா வளர்ச்சி அறிக்கையிலும், கணினிப் பாதுகாப்புக்குரிய கொள்கை உண்டா என்ற வினா இடம் பெற்றுள்ளது.

களப்பணியாளர் கடன்

களப்பணியாளர் ஒரு பம்பு நிலையத்தையோ சூரிய மின் நிலையத்தையோ பார்வையிடும்போது, சில வினாக்களைத் தவறாது எழுப்புதல் நலம். கருவியுடன் வந்த கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளதா? பணியிலிருந்து விலகியோரின் அனுமதி நீக்கப்பட்டதா? அலுவலகக் கணினிகளும் இயந்திரங்களை இயக்கும் கணினிகளும் தனித்தனி வலைகளில் உள்ளனவா? காப்புப் படி வேறிடத்தில் வைக்கப்பட்டுள்ளதா? கணினி நின்றால் வால்வைக் கையால் மூட யாருக்குத் தெரியும்? கணினி காட்டும் அளவைக் கோலிட்டு நேரில் ஒப்பு நோக்கும் வழக்கம் உண்டா?

ஆசிரியர்கள் மேற்கூறிய தொட்டி உதாரணத்தை வகுப்பில் விளக்கலாம். அதற்கு வாளியும் அளவுகோலுமே போதும். அளவு பொய்யானால் சிக்கனமும் பொய்யாகும் என்பதை மாணவர் தாமே கண்டு கொள்வர். வளத்தைக் காக்க விரும்புவோர் அதன் கணக்கையும் கட்டளையையும் காத்தல் இன்றியமையாதது.