மூடியதும் தெளிந்த ஏரி

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிக் கிழக்கே கிடக்கிறது வாஷிங்டன் ஏரி. பரப்பளவு சுமார் 88 சதுர கிலோமீட்டர். 1941 தொடங்கி இதன் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. 1960-களில் அவற்றை வரிசையாக மூடினார்கள். பழுதாகிப்போனதால் அல்ல, எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலையை அவை செய்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஏரி கெட்டது.

1940-இல் ஏரியின் குறுக்கே மிதவைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் கிழக்குக் கரையில் குடியிருப்புகள் பெருகின. பெல்வியூ, கிர்க்லண்ட் போன்ற ஊர்கள் வளர்ந்தன. ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் ஒரு தீர்வு தேடியது. ஆனால் எல்லா ஊர்களின் நீரும் வந்து சேர்ந்தது ஒரே ஏரியில். 1960-களின் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி காலன் சுத்திகரித்த கழிவுநீர் அதில் கலந்தது.

சுத்திகரித்த நீர் எப்படி ஏரியைக் கெடுக்கும்? அந்நிலையங்களில் நுண்ணுயிரிகள் கழிவிலுள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்த்தன. நாற்றம் போனது, நோய்க்கிருமிகள் குறைந்தன. பாஸ்பரஸ் மட்டும் பெருமளவு கரைந்தபடியே வெளியேறியது. மனிதக் கழிவிலும் சலவைத்தூளிலும் இருந்து வந்த அந்தப் பாஸ்பரஸ் பாசிக்கு உரம். கோடை வந்தால் ஏரி பாசியால் கலங்கியது.

1955-இல் 'ஆசிலட்டோரியா ருபெசென்ஸ்' என்ற நுண்பாசி இங்கே தென்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழக விலங்கியலாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் அதன் பொருளை உடனே உணர்ந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கழிவுநீரால் சீரழிந்தபோதும் இதே பாசி பெருகியிருந்தது. இன்னும் எவ்வளவு கெடும் என்பதோடு அவர் நிற்கவில்லை. கழிவுநீரை நிறுத்தினால் ஏரி மீளும் என்றும் சொன்னார். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பொதுவில் இப்படிக் கணித்துச் சொல்ல அந்நாளில் துணிவு வேண்டும்.

வழக்கறிஞர் ஜேம்ஸ் எல்லிஸ் அந்தக் கணிப்பை மக்களிடம் கொண்டுபோனார். ஊர் எல்லைகளைத் தாண்டி, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் பொறுப்பேற்கும் 'மெட்ரோ' என்ற அமைப்பு வேண்டும் என்பது கோரிக்கை. 1958 மார்ச் வாக்கெடுப்பில் அது தோற்றது. பணிகளைக் கழிவுநீர் அளவில் சுருக்கிச் செப்டம்பரில் மீண்டும் கேட்டபோது வென்றது. 1963 முதல் 1968 வரை, கழிவுநீரை ஏரிக்கு வெளியே கொண்டுபோகும் பெருங்குழாய்கள் பதிக்கப்பட்டன. கரையோர நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. செலவு சுமார் 14 கோடி டாலர்.

விளைவை அளக்க எளிய வழி உண்டு. வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது கண்ணுக்குத் தெரியும் ஆழத்தைக் குறிப்பார்கள். 1964-இல் 76 சென்டிமீட்டர் வரைதான் தெரிந்தது. 1968-இல் அது சுமார் 3 மீட்டர். தெளிந்த வேகத்துக்குக் காரணம் உண்டு: சீடர் ஆறு முதலானவை கொண்டுவரும் நன்னீர் சில ஆண்டுகளிலேயே ஏரி நீரைப் புதுப்பித்துவிடும்.

இந்த ஏரி இன்னொரு வழக்கையும் தீர்க்க உதவியது. பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ் அல்ல என்று சோப்புத் தொழில்துறை வாதாடிய காலம் அது. கழிவுநீர் நின்றபின், பாசிக்கு இன்னோர் உரமான நைட்ரஜன் அவ்வளவாகக் குறையவில்லை. பாஸ்பரஸ் சரிந்தது, அதோடு பாசியும் சரிந்தது. எட்மண்ட்சன் 1970-இல் இதை வெளியிட்டார். 1976-இல் 'டாஃப்னியா' என்னும் நீர்த்தெள்ளு பெருகிப் பாசியை மேயத் தொடங்க, ஏரி அவர் எதிர்பார்த்ததைவிடவும் தெளிந்தது.

ஆனால் கழிவுநீர் மறைந்துவிடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. அதில் ஒரு பகுதி சியாட்டிலின் வெஸ்ட் பாயின்ட் நிலையம் வழியாகப் பியூஜெட் சவுண்ட் கடலுக்குப் போனது. ஏரிக்கரையின் சிறு நிலையங்களைவிடக் குறைவான சுத்திகரிப்போடுதான் அந்நிலையம் 1990-களின் நடுப்பகுதிவரை நீரைக் கடலில் விட்டது. 2017 பிப்ரவரியில் பெருமழையின்போது அது வெள்ளத்தில் மூழ்கிச் செயலிழந்தது. மழைநீர் கலந்த கழிவு 20 கோடி காலனுக்கு மேல் கடலில் பாய்ந்தது. பல ஊர்களின் சுமையை ஒரே இடத்தில் குவிப்பதன் ஆபத்தை அதிகாரிகள் அப்போது நேரில் கண்டனர்.