எது முத்திரை? எது மிருகம்?
வெளிப்படுத்தின விசேஷத்தின் அடையாளங்களை எப்படி வாசிப்பது?



சில மாதங்களுக்கு முன் சால்ட் லேக்கில், கருணாமயிக்கு அருகே ஒரு விசுவாசியின் இல்லத்தில் வீட்டுக்கூட்டம் நடைபெற்றது. ஜெபம் முடிந்து யாவரும் விடைபெற்றபின் ஒரு இளம் சகோதரி மட்டும் தம் மகனின் கையைப் பிடித்தபடி தயங்கி நின்றார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. ஐந்து வயதான பிள்ளைகளின் விரல்ரேகையையும் கருவிழியையும் ஆதாரில் பதிவு செய்யவேண்டும் என்பது விதி. ஆனால் ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய பிரசங்கமோ, இதுவே மிருகத்தின் முத்திரை என்று எச்சரித்தது. "பாஸ்டர், என் பிள்ளையின் கையை நானே மிருகத்துக்கு நீட்டிக் கொடுக்கலாமா?" என்று கேட்டபோது அந்தச் சகோதரியின் கண்கள் நிரம்பியிருந்தன. கணவர் ஐந்தாம் செக்டரில் வேலை செய்கிறவர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறார். இரண்டு மாதமாக அந்த வீட்டில் சமாதானம் இல்லை.

பிரியமானவர்களே, இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மாத்திரமல்ல. மிசோரத்தில் சில கிறிஸ்தவக் குழுவினர் இதே காரணத்தினால் ஆதாரில் பதிவு செய்ய மறுத்ததாக நாளிதழ்களில் செய்திகள் வெளிவந்தன. ஆகவே, அடையாள மொழியில் எழுதப்பட்ட தீர்க்கதரிசனத்தை எவ்விதமாய் வாசிக்கவேண்டும் என்பதை வேதவெளிச்சத்தில் தியானிப்போம்.

உப்பும் இல்லை, ஏரியும் இல்லை

நாம் குடியிருக்கும் இந்த இடத்தின் பெயரையே பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர் 'உப்பு ஏரி' என்ற பெயரைக் கேட்டுவிட்டு உப்பைத் தேடினால் உப்பு கிடைக்காது. அந்த ஏரியைத் தேடினால் அடுக்குமாடிக் கட்டடங்களே தென்படும். கல்கத்தாவின் கிழக்கே உவர்நீர்ச் சதுப்பு நிலமாய்க் கிடந்த இந்தப் பகுதியை, 1960-களில் ஹூக்ளி நதியின் வண்டல் மண்ணைக் கொண்டு நிரப்பி நகரமாக்கினார்கள். அதற்கு வித்திட்ட முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயின் நினைவாகப் பிதான்நகர் என்ற பெயரும் வழங்கப்பட்டது. இந்தச் சரித்திரத்தை அறிந்தவருக்கு சால்ட் லேக் என்ற பெயர் விளங்கும். அறியாதவரோ தம் மனதில் தோன்றுகிற பொருளை அதன்மேல் ஏற்றிவிடுவார். வேதத்திலுள்ள அடையாளங்களுக்கும் அநேக வேளைகளில் நாம் இதையே செய்துவிடுகிறோம்.

நானும் தவறினேன்

பிறரைக் குற்றப்படுத்துமுன் என்னைக்குறித்து ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும். 1999-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மாத்திரம் குறித்துவந்த கணினிகள் 2000 பிறக்கும்போது உலகமெங்கும் நின்றுபோகும் என்ற பயம் பரவியிருந்தது. வேதாகமக் கல்லூரியில் பயின்று வெளிவந்து சில வருஷங்களே ஆகியிருந்த நானும், மகா பாபிலோன் ஒரு மணி நேரத்தில் விழுவதைக் குறித்த வசனங்களை (வெளி. 18:10) அந்தச் செய்தியோடு பொருத்திப் பிரசங்கித்தேன். சபையார் உரத்த சத்தமாய் "ஆமென்" என்றார்கள். ஜனவரி மாதம் சபையின் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு, மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தையெல்லாம் எடுத்து அரிசியும் எண்ணெயும் வாங்கி அடுக்கியிருந்தார். அவர் என்மேல் கோபப்படவில்லை. "பாஸ்டர், இனி பிள்ளையின் கட்டணத்தை எப்படிக் கட்டுவது?" என்று மாத்திரம் கேட்டார். என்னிடத்தில் பதில் இல்லை. அடையாளத்துக்குத் தவறான பொருள் சொல்லுகிறவன் அடுத்த வாரம் வேறொரு பிரசங்கத்துக்குப் போய்விடுகிறான். அதன் விலையைச் செலுத்துவது கேட்ட குடும்பமே.

சரித்திரம் தரும் எச்சரிப்பு

நம்முடைய அண்டைத் தேசமான திருவிதாங்கூரில் நடந்ததை அநேகர் அறியார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் தம் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். மிஷனில் குருவானவராக ஊழியம் செய்தவர் யுஸ்துஸ் யோசேப்பு. மக்கள் அவரை வித்வான்குட்டி என்று அழைத்தார்கள். 1870-களில் அங்கே எழுந்த எழுப்புதலில் ஜனங்கள் பாவ அறிக்கை செய்து மனந்திரும்பினார்கள். அந்த எழுப்புதலின் நடுவில், 1875-இல், இன்னும் ஆறு வருஷத்தில் கர்த்தர் வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் எழும்பிற்று. அதை நம்பியவர்களை 'ஆறு வருஷத்தார்' என்றே மற்றவர்கள் குறிப்பிட்டார்கள். 1881 வந்தது, கடந்தும் போயிற்று. தவறை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, கர்த்தர் ஆவிக்குரிய விதத்தில் வந்துவிட்டார் என்று சொல்லி, யுயோமயம் என்ற தனிக்கூட்டம் உண்டாயிற்று. வித்வான்குட்டி இயற்றிய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. ஆனால் எழுப்புதலாய்த் தொடங்கியது பிரிவினையாய் முடிந்தது.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் 8:14-இல் உள்ள 2300 நாட்களை 2300 வருஷங்கள் என்று கொண்டு, கி.மு. 457-லிருந்து எண்ணினார். 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று அவரைச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்காய்க் காத்திருந்து கண்ணீரோடு வீடு திரும்பினார்கள். வானொலிப் பிரசங்கியாரான ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்று நாள் குறித்தார். அதுவும் தவறியது. ஆயினும் 2012-இல் அவர், நாள் குறித்தது பாவமான காரியம் என்று எழுத்துமூலமாய் ஒப்புக்கொண்டார். அந்தத் தாழ்மையை நாம் மதிக்கவேண்டும்.

நாம் வாழும் இந்தப் பட்டணமும் ஒரு பாடத்தைத் தருகிறது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதலில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார், லில்லியன் கார் தம்பதியர், தாங்கள் பேசிய அந்நியபாஷை வங்காள மொழி என்று எண்ணிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டு வந்தார்கள். வந்தபின் அது அப்படியல்ல என்று கண்டார்கள். அடையாளத்துக்குக் கொண்ட பொருள் தவறு. ஆனால் அழைப்பு தவறல்ல. எனவே அவர்கள் வெட்கி ஓடிப்போகாமல் 1907-இல் இங்கே ஊழியம் செய்தார்கள். கர்த்தர் இந்தப் பட்டணத்தில் எழுப்புதலைக் கட்டளையிட்டார். தன் வியாக்கியானம் தவறு என்று ஒத்துக்கொள்ளுகிறவனைக் கர்த்தர் தள்ளிவிடுவதில்லை.

வாசிக்கும் விதம்

முதலாவது, வேதமே பொருள் சொல்லுகிற இடத்தில் நாம் வேறு பொருள் தேடலாகாது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று யோவானுக்கே சொல்லப்பட்டது (வெளி. 1:20). தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் (5:8). வலுசர்ப்பம் பிசாசு (12:9). திரளான தண்ணீர்கள் ஜனக்கூட்டங்கள் (17:15). பூட்டைச் செய்தவரே சாவியையும் உடன் வைத்திருக்கிறார்.

இரண்டாவது, பழைய ஏற்பாட்டில் வேரைத் தேடவேண்டும். 404 வசனங்களுள்ள இந்தப் புஸ்தகத்தில் தீர்க்கதரிசிகளின் எதிரொலி கேளாத பக்கம் இல்லை. எட்டி என்னும் நட்சத்திரத்தைக் கவனியுங்கள் (8:11). 1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அந்த ஊரின் பெயருக்கு எட்டி என்பதே பொருள் என்றும், தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது என்றும் உலகெங்கும் பிரசங்கிக்கப்பட்டது. கிரேக்க மூலத்தில் உள்ள 'அப்சிந்தோஸ்' என்பதோ, நம் ஊர் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்பான செடி. செர்னோபில் என்ற பெயர் அதே இனத்து வேறொரு செடியைக் குறிக்கும். தமிழில் எட்டி என்றாலோ நமக்கு நஞ்சுள்ள கொட்டையைத் தரும் மரமே நினைவுக்கு வருகிறது. ஆகவே, பெயர் ஒற்றுமையை மாத்திரம் பிடித்துக்கொண்டால் மொழிக்கு மொழி பொருள் மாறிப்போகும். எரேமியா 9:15-ஐத் திறந்து பாருங்கள். விக்கிரகங்களைப் பின்பற்றிய தம்முடைய ஜனத்துக்குக் கர்த்தர் எட்டியைப் புசிக்கக் கொடுப்பதாக அங்கே எச்சரிக்கிறார். கர்த்தரைவிட்டு விலகுகிறவர்கள்மேல் வருகிற கசப்பான நியாயத்தீர்ப்பு என்பதே அந்த அடையாளத்தின் வேர்.

மூன்றாவது, முதலில் வாசித்தவர்களை நினைக்கவேண்டும். இந்தப் புஸ்தகம் சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்ட நிருபம். பெர்கமு பட்டணத்தில் ரோமப் பேரரசனுக்குக் கோயில் இருந்தது. அங்கே தொழில் செய்த விசுவாசிகளுக்கு விக்கிரக விருந்துகளை விலக்கி வாழ்வது எளிதாயிருக்கவில்லை. கொள்ளவும் விற்கவும் முடியாமை என்பது அவர்களுக்கு அன்றாட வாழ்வின் நெருக்கம். மிருகத்தின் இலக்கமும் அப்படியே. 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு என்று நம் முன்னோர் எழுதியதுபோல, எபிரெயரும் கிரேக்கரும் எழுத்துக்களையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். ஒரு பெயரின் எழுத்துக்களைக் கூட்டினால் ஒரு தொகை வரும். சபையைத் துன்பப்படுத்திய நீரோ பேரரசனின் பெயரை எபிரெய எழுத்தில் கூட்டினால் 666 வரும் என்று வேத அறிஞர் பலர் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஐரேனியு என்னும் கண்காணியார் இந்த இலக்கத்துக்குப் பொருந்தும் சில பெயர்களை ஆராய்ந்து பார்த்துவிட்டு, எதையும் துணிந்து சொல்லவேண்டாம், பெயர் இப்போதே தெரியவேண்டியது அவசியமானால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்று புத்தி சொன்னார். யோவானிடம் கற்ற பாலிகார்ப்பின் போதனையைக் கேட்டவரே இவ்வளவு நிதானித்தால், நாம் எவ்வளவு நிதானிக்கவேண்டும்!

நான்காவது, எல்லா அடையாளங்களின் நடுவிலும் ஆட்டுக்குட்டியானவரைக் காணவேண்டும். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று யோவான் காதால் கேட்டார். திரும்பிப் பார்த்தபோதோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியைக் கண்டார் (5:5,6). நம்மைக் கிறிஸ்துவிடம் சேர்க்காமல் பயத்தினிடம் சேர்க்கிற வியாக்கியானம் எவ்வளவு சாமர்த்தியமாய் இருந்தாலும் அது இந்தப் புஸ்தகத்தின் வியாக்கியானமல்ல.

அப்படியானால் முத்திரை எது?

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். வெளிப்படுத்தின விசேஷம் 13 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். முத்திரையைக் குறித்துச் சொல்லப்படும் இடமெல்லாம் மிருகத்தை வணங்குதல் என்பது அதோடு சேர்ந்தே வருகிறது (13:15,16, 14:9,11). வணக்கத்தைப் பிரித்துவிட்டு முத்திரையை மாத்திரம் எடுக்க வேதம் இடங்கொடுக்கவில்லை. 13:17,18-இல் சொல்லப்படுவது மிருகத்தினுடைய நாமமும் இலக்கமும்; ஆதாரிலோ ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான 12 இலக்க எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண் எந்த நாமத்தையும் வணங்கும்படி கேட்பதில்லை.

மேலும், தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றிகளிலும் முத்திரை உண்டு (7:3). ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது (14:1). அந்த நாமம் எந்த மையினால் எழுதப்பட்டது என்று நம்மில் யாராவது கேட்கிறோமா? நாம் யாருக்குச் சொந்தம், யாரைத் தொழுகிறோம் என்பதை அது காட்டுகிறது என்று எளிதாய் விளங்கிக்கொள்ளுகிறோம். அதே அளவுகோலால் மற்றதையும் அளக்கவேண்டும் அல்லவா? வருங்காலத்தில் அந்திக்கிறிஸ்து வெளிப்படுவான் என்றும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றையும் அவன் கட்டாயப்படுத்தக்கூடும் என்றும் நாம் விசுவாசிக்கிறோம். அப்பொழுதும் அது அறியாமல் கைநழுவி வந்துவிடும் காரியமாய் இராது. இயேசுவை மறுதலித்து அவனை வணங்குவதோடு வருவதாகவே இருக்கும்.

அரசாங்கம் நம்முடைய விவரங்களை எப்படிப் பாதுகாக்கிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. அவையெல்லாம் சட்டத்தின் கேள்விகள். இரட்சிப்பின் கேள்விகளாக அவற்றை மாற்றவேண்டாம்.

ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். பட்டணத்தில் பிழைக்க வந்த நமக்கு உண்மையான சோதனை விரல்ரேகைக் கருவியில் இல்லை. சம்பள உயர்வுக்காகப் பொய்க்கணக்கு எழுதும் கையும், ஆராதனை நாளை வியாபாரத்துக்கு விற்கும் நெற்றியும் யாருடைய முத்திரையைத் தரிக்கின்றன என்று நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம். பெர்கமு சபையாரிடம் கர்த்தர் கேட்டது இந்த உண்மையையே.

அந்தச் சகோதரியிடம் இவைகளைச் சொல்லி முடித்தபோது அவர்களின் கணவரும் உள்ளே வந்து அமர்ந்திருந்தார். ஏசாயா 49:16-ஐ வாசித்தோம். தம்முடைய ஜனத்தைத் தம் உள்ளங்கைகளில் வரைந்து வைத்திருக்கிறவர் நம்முடைய தேவன். பிள்ளையின் சிறிய கையை என் கையில் எடுத்து மூவருக்காகவும் ஜெபித்தேன். மறுவாரம் பிள்ளையின் பதிவை இருவரும் சேர்ந்தே போய் முடித்துவிட்டு வந்தார்கள்.

பிரியமானவர்களே, கர்த்தர் சீக்கிரம் வருகிறார். நாளையும் நாழிகையையும் பிதா தம்முடைய ஆதீனத்தில் வைத்திருக்கிறார். நமக்குக் கொடுக்கப்பட்டதோ விழித்திருந்து, ஜெபித்து, உண்மையாய் உழைத்து, அவரை எதிர்கொள்ளும் சிலாக்கியம். இந்த ஞாயிறு தொடங்கி உங்கள் குடும்ப ஜெபத்தில் நாளொன்றுக்கு ஒரு அதிகாரமாக வெளிப்படுத்தின விசேஷத்தை வாசியுங்கள். 22 நாட்களில் முடித்துவிடலாம். ஒவ்வொரு அதிகாரத்திலும் "இங்கே இயேசு எப்படிக் காணப்படுகிறார்?" என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள். பயம் நீங்கும், நம்பிக்கை பெருகும்.

மாரநாதா! ஆமென்.